திரை போனால் குற்றம் நம்முடையதா?

விற்கும்போது "ஒரு வருஷம் வாரண்டி சார்" என்பார்கள். திரை போய்விட்டால் "பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது" என்பார்கள். நாம் கீழே போட்டு உடைத்தால் செலவு நம்முடையதுதான், அது நியாயம். விழாத போனுக்கும் அதே பதிலா? எட்டாவது மாதத்தில் என் போன் திரையில் தானாகவே பச்சைக் கோடு விழுந்தது. அடிபட்ட தடம் எங்கே என்று கேட்டேன். அதைக் காட்டவில்லை, மாற்றுத் திரையின் விலையைத்தான் காட்டினார்கள்.

நம் புதுச்சேரியில் ஒரு காலத்தில் நடந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு, விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரையே பொறுப்பாக்குகிறது. இன்று பிரான்சில் புதுப் பொருளில் இரண்டு வருஷத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே இருந்த குறையாகத்தான் கொள்வார்கள். இல்லையென்றால் விற்றவர் நிரூபிக்க வேண்டும். இங்கே குற்றம் சாட்டுபவரும் அவரே, தீர்ப்பு சொல்பவரும் அவரே!

சும்மா திரும்பி வராதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கிழவன் எங்கே அலையப் போகிறான் என்பதுதான் அவர்கள் போடும் கணக்கு. அலைந்து காட்டுவோம்.