முளையை எடுத்த பின்னர்

ஊரிலிருந்து தந்தையாரை வரவழைத்து இங்கே வைத்தியம் பார்த்துவரும் அன்பர் ஒருவர் வினவுகிறார்: “அப்பாவின் பெருங்குடலில் இருந்த முளையை, வயிற்றைக் கீறாமல், குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். சோதித்ததில் அதற்குள் புற்று இருந்ததாம். இப்பொழுது குடலின் அப்பகுதியையே வெட்டி எடுக்கலாமா என்று ஆலோசிக்கிறார்கள். எடுத்தாகிவிட்ட பொருளுக்கு மறுபடியும் ஆபரேஷன் எதற்கு? அவருக்கு வயது 76.”

நியாயமான கேள்வி. பாலிப் எனப்படும் இம்முளைகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. சில மட்டுமே ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறிப் புற்றாகின்றன. நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்னும் மருத்துவர்கள் 1969இல் கம்பிச் சுருக்கை முளையின் காம்பில் மாட்டி, மின்சூட்டால் அறுத்தெடுத்துக் காட்டினர். அம்முறை இன்று எங்கும் பரவியிருக்கிறது.

ஆயினும் புற்று, குடலின் உட்சவ்வைத் தாண்டி அடுத்த படலத்தை எட்டியிருந்தால், அங்குள்ள நிணநீர்க் குழாய்களின் வழியே சில அணுக்கள் முன்னரே அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களைச் சென்றடைந்திருக்கலாம். குழாயால் முளையை எடுக்கலாம். கணுவை எடுக்க இயலாது. ஆபரேஷன் தேடிப் போவது முக்கியமாக அக்கணுக்களையே. இந்நிலையில் உள்ளவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே அவ்விதம் பரவியிருக்கும். மற்ற ஒன்பதின்மருக்கும் கத்தியால் பயனில்லை. முதியவர்க்கோ அதனால் உயிர் ஆபத்தும் உண்டு.

அந்த ஒருவர் யார்? பூதக்கண்ணாடியின் கீழ் முளையைப் பார்க்கும் நிபுணரே ஊகித்துச் சொல்லக்கூடியவர். அறுத்த விளிம்புக்கும் புற்றுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி உண்டா? புற்று எவ்வளவு ஆழம் இறங்கியது? அணுக்கள் இயல்பான வடிவத்தினின்று மிகவும் திரிந்துள்ளனவா? நிணநீர், இரத்தக் குழாய்களுக்குள் நுழைந்துள்ளனவா? புற்றின் முனையில் அணுக்கள் சிறுசிறு மொட்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றனவா? இவை யாவும் சாதகமாயிருப்பின் பரவியிருக்கும் வாய்ப்பு மிகச் சொற்பம். ஆபரேஷனின்றிக் கண்காணித்து வருவதே பலருக்குப் போதும். காம்புள்ள முளையில் புற்று தலைப்பகுதியோடு நின்றிருந்தாலும் அப்படியே. 1985இல் ஹாகிட் என்பவரும் அவர் குழுவினரும் வகுத்த படிநிலைகள் இதற்கெனவே ஏற்பட்டவை.

முளையைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் விளிம்பை நிச்சயமாக அளக்க முடியாது. முழுதாக எடுத்தார்களா என்று அன்பர் அவசியம் கேட்கவேண்டும். எடுத்த இடம் விரைவில் ஆறி மறைந்துவிடும். ஆகவே குடலின் உட்சுவரில் மையால் பச்சை குத்தி அடையாளம் வைப்பதுண்டு. அது செய்யப்பட்டதா என்றும் அறிந்துகொள்ளலாம்.

என் உறவினர் ஒருவருக்கு வந்த அறிக்கையில் ‘புற்று உண்டு’ என்ற ஒரே வரிதான் இருந்தது. எங்கள் வீட்டில் அன்றிரவு யாரும் உண்ணவில்லை. சோதனைச்சாலையில் மெழுகுக் கட்டியாகப் பத்திரப்படுத்தியிருந்த அதே முளையை வேறொரு நிபுணர் மீண்டும் சீவிப் பார்த்து, மேற்சொன்ன விவரங்கள் அனைத்தையும் எழுதித் தந்தார். அதன் பின்னரே மருத்துவரோடு உட்கார்ந்து பேச எங்களுக்கு விஷயம் கிடைத்தது. கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் எழுதிக் கேட்டால் தருவார்கள்.

நம் குடும்பங்களில் நேர்வது இன்னொன்று. பெரியவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்; காகிதங்கள் இங்கே பீரோவில் கிடக்கும். ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானாலும், வழக்கமாக ஓராண்டில், துண்டாக எடுத்திருந்தால் சில மாதங்களிலேயே, மறுபடி குழாய்ச் சோதனை செய்யவேண்டும். அதை ஊரில் செய்யப்போகும் மருத்துவருக்கு இந்த அறிக்கை தேவை. மூலத்தைத் தந்தையாரின் பெட்டியில் வைத்தனுப்பி, நகலை அன்பர் தம்மிடம் வைத்துக்கொள்வாராக.