மாணவரை மகிழுந்தில் ஏற்றுமுன் காப்புறுதிப் பத்திரத்தைப் படியுங்கள்



தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றுவோர் அனைவரும் அறிந்த வழக்கம் ஒன்றுண்டு. மாவட்டத் திருக்குறள் மனனப் போட்டிக்கோ திடல்தடப் போட்டிக்கோ நான்கு மாணவர்கள் தேர்வு பெற்றால், அவர்களுக்கெனப் பேருந்து அமர்த்தப் பள்ளியில் பணம் இராது. ஆசிரியர் தம் சொந்த மகிழுந்தில் அழைத்துச் செல்வார். பெட்ரோல் செலவும் பெரும்பாலும் அவருடையதே. இத்தொண்டைக் குறை கூற எனக்கு மனம் வராது. ஆயினும், வழியில் விபத்து நேர்ந்து மாணவன் ஒருவனின் கால் முறிந்து, ஆசிரியரின் கவனக்குறைவே காரணம் என வழக்குத் தொடுக்கப்பட்டால் இழப்பீட்டை யார் தருவது? இக்கேள்வியைச் சக ஆசிரியர்களிடம் எழுப்பும்போதெல்லாம், "எனக்குத்தான் முழுக் காப்புறுதி இருக்கிறதே" என்னும் மறுமொழியே கிடைக்கிறது.

'முழு' என்னும் அச்சொல்தான் மயக்கத்தின் வேர். ஆங்கிலச் சொல்லுக்கு 'விரிவான' என்பதே பொருந்தும். முழுமை அதில் இல்லை. மொழிபெயர்ப்புப் பிழை பணப்பையைத் தொடும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று!

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நம்மிடம் கேட்பது மிகக் குறைவு. நம் வண்டியால் மூன்றாம் தரப்பினருக்கு நேரும் மரணத்திற்கும் உடற்காயத்திற்கும் காப்புறுதி இருந்தால் போதும். அடுத்தவர் வண்டிக்கு நேரும் சேதம்கூட அக்கட்டாயத்தில் அடங்காது. நடைமுறையில் விற்கப்படும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி அதனையும் சேர்த்துக்கொள்கிறது. நம் வண்டி தீக்கிரையானாலோ களவு போனாலோ ஈடு பெற அடுத்த வகையும், நம் வண்டியின் விபத்துச் சேதத்திற்கும் ஈடு பெற விரிவான வகையும் உள்ளன.

ஆனால் நம் வண்டியில் அமர்ந்து வரும் பயணி, பொதுவாக இம்மூன்றிலும் அடங்குவதில்லை. அவர் நம்மீது வழக்குத் தொடுத்தால் உதவுவது, பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்னும் தனி நீட்டிப்பே. அதன் கட்டணம் பெரும்பாலும் நூறு வெள்ளியை எட்டாது. கண்ணாடிக்கு நீட்டிப்பு வாங்க மறவாத நாம், பின்னிருக்கையில் அமரும் பிள்ளைகளுக்கு அதை வாங்குவதில்லை. முகவரும் எடுத்துச் சொல்வதில்லை. மாணவரை ஏற்றிச் செல்லும் ஆசிரியர்களுக்கு இக்கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமே செலுத்த வேண்டும் என்பது என் கருத்து. கேடயம் பள்ளிக்கு, பொறுப்பு மட்டும் ஆசிரியருக்கு என்பது எவ்வகை நியாயம்?

இனிப் பெற்றோர் பக்கம். தாமானில் ஓர் அம்மா தம் பிள்ளையோடு அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வரையும் மைவியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுகிறார்; மாதந்தோறும் ஒரு தொகை பெறுகிறார். இது பல இடங்களில் நடப்பது. தனியார் மகிழுந்துக் காப்புறுதி, கூலிக்கு ஆள் ஏற்றுவதை ஏற்பதில்லை. பத்திரத்தில் பயன்பாட்டு வரம்பு என்னும் பகுதியில் அது தெளிவாகவே இருக்கும். விபத்து நேர்ந்தால் நிறுவனம் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. அந்த அம்மாவின் வருமானத்தைக் கெடுப்பது என் நோக்கமன்று; அவரை நம்பியே பல குடும்பங்கள் காலையில் வேலைக்குப் போகின்றன. ஆனால் உரிமம் பெற்ற பள்ளிச் சிற்றுந்துக்குக் கட்டணம் ஏன் கூடுதல் என்று முணுமுணுப்போர், அக்கட்டணத்தில் இக்காப்புறுதியும் அடங்கியிருப்பதை நினைத்துப் பார்க்கட்டும். பிள்ளையை ஏற்றி அனுப்புமுன், ஓட்டுநரிடம் உரிமத்தையும் காப்புறுதியையும் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டா.

வெள்ளமும் இப்படித்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மகிழுந்துகள் நீரில் மூழ்கிக் கிடந்த படங்களை நாடே கண்டது. விரிவான காப்புறுதி இருந்தும், வெள்ள நீட்டிப்பு இல்லாதோருக்கு அதன்வழி ஈடு கிடைக்க வழியில்லை. கிள்ளான் பகுதியில் குடியிருப்போர் இதனைத் தவிர்த்துப் பணம் மிச்சம் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன். மேட்டு நிலத்தில் வாழ்வோர் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய வண்டி வைத்திருப்போர் இரண்டைக் கவனிக்க. சந்தா குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துக் காட்டுவது முதலாவது. 40,000 வெள்ளி பெறும் வண்டிக்கு 30,000 என்று காப்புறுதி செய்து, 8,000 வெள்ளிக்குப் பழுது நேர்ந்தால், நிறுவனம் முக்கால் பங்கான 6,000 மட்டுமே தரும். மற்றது தேய்மானப் பங்கு. ஐந்து ஆண்டான வண்டிக்குப் புதிய உதிரிப்பாகம் பொருத்தினால் அதன் விலையில் 15 விழுக்காடு நம் கையிலிருந்து போகும். ஆண்டுக்கு ஆண்டு ஏறி, பத்து ஆண்டான வண்டிக்கு 40 விழுக்காடாகிவிடும். இதனைத் தள்ளுபடி செய்யவும் நீட்டிப்பு விற்கிறார்கள்.

சிறு கீறலுக்கெல்லாம் கோரிக்கை செய்வோருக்கு நான்காம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்கு ஒன்று. கோரிக்கை செய்யாதோருக்கான கழிவு 25, 30, 38.33, 45 என ஏறி ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காட்டை எட்டும். அடிப்படைச் சந்தா 1,000 வெள்ளி என்று கொள்வோம். 55 விழுக்காட்டில் இருப்பவர் நம் தவற்றால் நேர்ந்த விபத்துக்குக் கோரிக்கை செய்தால் கழிவு சுழியமாகும். அடுத்த ஐந்து ஆண்டுகளில் 550, 300, 250, 166.70, 100 என மொத்தம் 1,366.70 வெள்ளி கூடுதலாகக் கட்டுவார். ஆகவே 900 வெள்ளிப் பழுதைச் சொந்தப் பணத்தில் சரிசெய்வதே அவருக்கு ஆதாயம். கண்ணாடி நீட்டிப்பின்கீழ் செய்யும் கோரிக்கை இக்கழிவைப் பாதிக்காது.

எஸ்.பி.எம். முடித்த மகனிடம் சாவியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கு ஒரு சொல். இருபத்தொரு வயது நிரம்பாதவரோ 'பி' உரிமம் உடையவரோ ஓட்டி விபத்து நேர்ந்தால், வண்டிச் சேதக் கோரிக்கையில் முதல் 400 வெள்ளியை வழக்கமாக நாமே ஏற்க வேண்டும். பத்திரத்தில் பெயர் குறிக்கப்படாதவர் ஓட்டினாலும் அவ்வாறே. உரிமமே இல்லாதவன் ஓட்டினால் கதையே வேறு.

2017 ஜூலை முதல் விரிவான காப்புறுதிக்கு நிறுவனங்கள் தத்தம் விலையை வகுத்துக்கொள்கின்றன. அதனால் ஒரே வண்டிக்கு மூன்று இடங்களில் மூன்று விலை வரும். தக்காஃபுல் நிறுவனங்களையும் சேர்த்தே கேளுங்கள். முஸ்லிம் அல்லாதாரும் அவற்றில் சேரலாம். ஆனால் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். "இந்த விலையில் பயணிகளுக்கான பொறுப்பு உண்டா, வெள்ளம் உண்டா, தேய்மானத் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில், வரவு செலவுக் கணக்குக்கும் இதர அலுவல்களுக்கும் இடையே இதற்கென அரைமணி நேரம் ஒதுக்கக் கேட்டுச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்துள்ளேன்.