கறுப்பாக இருந்தால் போதுமா?

மைக்கூடு வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எது ரொம்பக் கறுப்பு? மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு படம், பக்கத்தில் காப்பி டம்ளர், தடித்த நிப்பில் எழுதிய இரண்டு வரி, கீழே “என்னா கறுப்பு!” என்று நாற்பது பேர். அந்தக் காகிதம் அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. 2024 நவம்பர் 30 வரைக்கும்.

அன்று ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. தொண்டூரில் எங்கள் வீட்டின் பின்னறையில் அப்பாவின் நோட்டுகள் இருந்த தகரப்பெட்டிக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடத்துக் கதைகள், ஊர்ப் பெயர்கள், விதைப்புக் கணக்கு, யார் வீட்டில் என்ன சாவு, என்ன கல்யாணம் என்று எல்லாமே அந்த நோட்டுகளில்தான். பழைய நோட்டுகள் ப்ளூ பிளாக்கில் எழுதியவை. கடைசி ஆறு வருடத்து நோட்டுகள் கறுப்பு மையில். அந்தக் கறுப்பு மையை வாங்கிக் கொடுத்தவள் நான். படம் பார்த்து வாங்கினேன்.

பழைய நோட்டுகளில் தாள் உப்பியிருந்தது, ஓரம் மக்கியிருந்தது. ஆனால் எழுத்து நின்றது. கறுப்பு நோட்டைத் திறந்தால் ஊதா, நீலம், கொஞ்சம் பச்சை. நல்ல வாட்டர்கலர் ஓவியம் மாதிரி இருந்தது. ஒரு வரிகூட இல்லை.

“காய வெச்சா வந்துடும்ப்பா” என்றேன்.

“தாள் வரும்மா. எழுத்து வராது” என்றார்.

அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கோபம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கறுப்பு மை என்று ஒரே பொருள் கிடையாது. கடையில் ஒரே அலமாரியில் நிற்கும் மூன்று கூடுகளுக்குள் மூன்று வேறு சரக்கு இருக்கலாம்.

ஒன்று, சாய மை. தண்ணீரில் கரைந்த சாயம். கறுப்பு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பல சாயங்களின் கூட்டு. நம்பவில்லையென்றால் ஒரு சாக்பீஸின் அடியில் ஒரு சொட்டு வைத்து, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். மை தண்ணீரோடு ஏறும்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகத் தெரியும். தண்ணீரில் கரைந்து வந்தது தண்ணீரிலேயே கரைந்து போகும். வெயிலிலும் வெளுக்கும். பேனாவுக்கு மட்டும் மெத்தச் சுகம். குழாயடியில் காட்டினால் கழுவிவிடும்.

இரண்டாவது, நிறமித்துகள் மை. மிக நுண்ணிய கரித்தூள் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும். ப்ளாட்டினம் கார்பன் பிளாக், சைலர் கிவாகுரோ இரண்டும் இந்த இனம். துகள் தாளின் நாரில் உட்கார்ந்துவிட்டால் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது. பேனாவுக்குள் காய்ந்தாலும் அசையாது. அதுதான் சிக்கல்.

மூன்றாவது, இரும்பு மை. இது நம் ஊர்ச் சரக்குதான். கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரில் அன்னபேதியைப் போட்டால் கறுக்கும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்பும் அன்னபேதியில் இருக்கும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்துக் கரணைகள்; வேதியியல் ஒன்றுதான். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நாருக்குள் கரையாத கறுப்பாக மாறும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று நீலச் சாயம் சேர்த்தார்கள். பழைய ‘ப்ளூ பிளாக்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். அப்பாவின் பழைய நோட்டுகள் ஏன் பிழைத்தன என்று இப்போது புரிகிறதா? இன்றைக்கு ப்ளூ பிளாக் என்று விற்பதெல்லாம் இரும்பு மை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் தங்கிவிட்டது, இரும்பு போய்விட்டது.

*

எங்கள் ஊர்க் குன்றின் குகைத்தளத்தில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. சமண முனிவர்களுக்காக மோசி என்பவர் செய்த படுக்கைகளைச் சொல்வது. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.பி. 3-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். மையே இல்லாமல் 1,700 ஆண்டுகள். பக்கத்தில் மேல்சித்தாமூர் சமண மடத்தில் ஓலைச்சுவடிகளைக் காத்துவந்தார்கள். ஓலையில் எழுத்தாணி கீறுகிறது. பிறகு விளக்குக்கரியும் இலைச்சாறும் கலந்த மையைத் தடவித் துடைத்தால் கீறலில் கறுப்பு நிற்கும். கறுப்பு மங்கினால் மறுபடி தடவிக்கொள்ளலாம்.

நான் சொல்லவருவது இதுதான். ஓலையில் எழுத்து வேறு, மை வேறு. தாளில் மைதான் எழுத்து. மை போனால் தடவிக்கொள்ளக் கீறல் இல்லை. ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த காலமும் அதற்குள் வருகிறது. அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல், அது வெளிச்சத்துக்கு வந்து படியெடுக்கப்பட்டது. அத்தனை காலமும் மை தாளில் நின்றதால்தான் நமக்கு அந்த மனிதர் கிடைத்தார். “செம கறுப்பு” என்று யாராவது சொன்னதால் அல்ல.

இதற்குச் சில பதில்கள் தயாராக இருக்கும் என்று தெரியும்.

“நிலைக்கும் மை பேனாவைக் கெடுத்துடும்.” கெடுக்கும், நீங்கள் பேனாவை மூன்று மாதம் மேசையில் காயவிட்டால். தினமும் எழுதுங்கள், மாதம் ஒருமுறை தண்ணீரில் அலசுங்கள். தினமும் எழுதாத பேனாவில் சாய மையே ஊற்றுங்கள், தப்பில்லை. ஆனால் ஓவியக்காரர்களின் இந்தியன் இங்க்கை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள்; அதில் கலந்திருக்கும் அரக்கு பேனாவின் தொண்டையில் பிசினாக இறுகிவிடும். வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையும் வேண்டாம். அது தொட்டு எழுதும் பேனாவுக்கு. உள்ளே வண்டல் கட்டும்.

“இரும்பு மை தாளைத் தின்னும்.” தின்றிருக்கிறது. ஐரோப்பிய நூலகங்களில் எழுத்து இருந்த இடம் ஓட்டையான ஏடுகள் உண்டு. அமிலமும் இரும்பும் அளவு மீறிய பழைய மைகளின் வேலை அது. ஊற்றுப்பேனாவுக்கென்று இப்போது வரும் இரும்பு மைகளில் இரும்பு குறைவு. எஃகு நிப்பில் நாள்கணக்கில் தேங்கவிடாதீர்கள், அவ்வளவுதான்.

“எல்லாம் போன்லயே இருக்கே, தாள் எதுக்கு?” அப்படியென்றால் இருபது கூடு மை எதற்கு?

கடைசியாகக் கசப்பான ஒன்று. பல கறுப்பு ஜெல் பேனாக்களில் இருப்பது நிறமித்துகள் மை. அதாவது, நாம் ஏளனமாகப் பார்க்கும் பத்து ரூபாய்ப் பேனாவில் பெட்டிக்கடை அண்ணன் எழுதிய கடன் கணக்கு, இறக்குமதி மையில் நாம் எழுதிய கவிதையைவிட நீண்ட நாள் இருக்கலாம்.

அதனால் எந்த மை நல்ல மை? நீங்கள் எழுதுவது எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். மளிகைப் பட்டியலுக்கும் வகுப்புக் குறிப்புக்கும் சாய மை போதும். நாட்குறிப்பு, கடிதம், கையெழுத்துப்பிரதி, அம்மாவிடம் கேட்டு எழுதிய சமையல் குறிப்பு, இவற்றுக்குத் துகள் மை அல்லது இரும்பு மை. பிறகு சோதியுங்கள். விலை உயர்ந்த வழவழத் தாளில் வேண்டாம், நீங்கள் தினமும் எழுதும் அதே கோடு போட்ட நோட்டில். நான்கு வரி எழுதி ஒருநாள் விடுங்கள். ஒரு துண்டை ஐந்து நிமிடம் தண்ணீரில் போடுங்கள். இன்னொரு துண்டின் பாதியைப் புத்தகத்தில் மறைத்து, மீதியை ஜன்னல் வெயிலில் ஒரு மாதம் வையுங்கள். எந்தப் படமும் சொல்லாததை அந்தத் துண்டுகள் சொல்லும்.

மை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முறுக்குப் பொட்டலத்தில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று போடுகிறார்கள். மைக்கூட்டில் ‘ராயல்’, ‘டீலக்ஸ்’, ‘மிட்நைட்’ என்று மட்டும் இருக்கிறது. சாயமா, துகளா, இரும்பா என்று ஒரு சொல் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? நாம் கேட்காதவரை அவர்கள் போடப்போவதில்லை. அடுத்தமுறை கடையில் எது ரொம்பக் கறுப்பு என்று கேட்காமல், தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

அப்பா இப்போது புது நோட்டு தொடங்கியிருக்கிறார். போன ஆறு வருடத்தை ஞாபகத்திலிருந்து எழுதப் பார்க்கிறார். பல பெயர்கள் வரவில்லை. இந்தமுறை மையை நான் வாங்கிக் கொடுத்தாலும், முதல் பக்கத்தைக் கிழித்து, சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் பக்கத்துக்குப் போனார்.