பிக்கப்பை மாற்றினால் பேஸ் பேசுமா?

மேடையில் பேஸ் கிடார் மந்தமாகக் கேட்கிறது என்று யாரிடமாவது குறைப்பட்டுப் பாருங்கள். "கூடவே வந்த பிக்கப்தான் காரணம். நல்லதாக ஒன்று வாங்கிப் போடு, வாத்தியமே வேறாகிவிடும்" என்பார்கள். கிடாரின் விலையில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும் இந்த யோசனை, வாசிக்கிறவர்கள் நடுவே வேதவாக்காகிவிட்டது. பிக்கப்புக்கு ஒலியில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. கை வைக்கவேண்டிய இடங்களில் அது கடைசி என்கிறேன்.

டெட்ராய்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் கையில் இருந்தது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். தடித்த ஃபிளாட்வவுண்ட் தந்திகள், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு. மீட்டுவதற்கு ஆள்காட்டி விரல் ஒன்றே. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் கரோல் கேயும் பிரிசிஷன் பேஸில்தான் பெரும்பாலும் வாசித்தார், ஆனால் பிளெக்ட்ரத்தால். ஒரே வகை வாத்தியம், ஒரே வகை பிக்கப். ஒலியோ கேட்ட மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லிவிடும். மாற்றுப் பிக்கப் விற்கும் தொழில் டிமார்சியோ, சீமோர் டங்கன் போன்ற பெயர்களோடு வளர்ந்தது 1970களில்தான். ஜேமர்சனின் பெரும்புகழ்ப் பாடல்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே பதிவாகிவிட்டன.

பிக்கப் என்பதுதான் என்ன? காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். தந்தியில் இல்லாத ஒன்றை அது எங்கிருந்து கொண்டுவரும்? விரல் அழுக்கும் வியர்வையும் ஏறிச் செத்துப்போன ரவுண்ட்வவுண்ட் தந்தியில் மேல்ஸ்தாயி ஒலி ஏற்கெனவே அடங்கிவிட்டது. உலகின் விலையுயர்ந்த பிக்கப்பும் அதை எழுப்பாது.

"நான் மாற்றினேன், வித்தியாசம் தெரிந்தது" என்பார்கள். தெரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். பழைய தந்திகளைக் கழற்றினார்கள், புதியவற்றைப் போட்டார்கள். தேய்ந்த வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரையும் மாற்றினார்கள். விட்டுப்போயிருந்த சால்டரிங்கைச் சரிசெய்தார்கள். பல வருஷமாக யாரும் தொடாத பிக்கப் உயரத்தை ஸ்குரூ டிரைவரால் திருகி வைத்தார்கள். வேலை செய்தவர்கள் நாலைந்து பேர், பெயர் வாங்கியது ஒருவர். போதாக்குறைக்கு, புதிய பிக்கப் கொஞ்சம் சத்தம் கூடியதாக இருந்துவிட்டால் முடிந்தது கதை. சத்தம் கூடியதை நம் காது தரம் கூடியதாகவே எடுத்துக்கொள்ளும்.

சுருளின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண்ணின் மீதான மோகம் தனி நோய். எண் பெரிதானால் பிக்கப் பலசாலி என்று அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்குகிறார்கள். கம்பியின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது அந்த எண். அதிகக் கம்பி சுற்றினால் வெளியீடு கூடலாம். கூடவே மேல் அதிர்வெண்கள் மழுங்கும். மந்தமாக இருக்கிறதென்று கிளம்பியவர், காசு கொடுத்து இன்னும் மந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

பொருத்துவதும் சொல்வதுபோல் எளிதல்ல. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் பொதுவாக ஒரே நீளம் கிடையாது. கழுத்துப் பக்கத்தது சற்றுக் குட்டை. ஒன்றை மட்டும் வேறு கம்பெனியில் வாங்கி மாட்டி, இரண்டையும் முழுதாகத் திறந்ததும் அடிநாதம் காணாமல் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. இரண்டும் எதிர்ப் போக்கில் இணைந்து ஒன்றையொன்று தின்கின்றன. புதியதன் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிச் சால்டர் செய்தால் பெரும்பாலும் தீரும்.

மாற்ற நியாயமான காரணங்களும் உண்டு. சுருள் அறுந்திருந்தால், சுருளில் மெழுகு சரியாக ஏறாமல் பிக்கப் வீறிட்டால், மாற்றத்தான் வேண்டும். ஜாஸ் பேஸில் ஒற்றைப் பிக்கப்பை மட்டும் திறந்து வாசிப்பவர், நம்மூர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலைப் பொறுக்கமாட்டாமல் ஹம் அடக்கும் வகையை நாடினால் அதுவும் சரி. பிரிசிஷன் பேஸ்காரருக்கு அந்தச் சாக்கும் இல்லை. 1957இல் வந்த இரட்டைத் துண்டுப் பிக்கப்பே முனகலை அடக்கிவிடுகிறது.

ஆகவே, வாங்கத் துடிக்கும் நண்பரே, முதலில் ஒரு செட் தந்தி வாங்குங்கள். பிக்கப்பின் இரு பக்கமும் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கிக் கேளுங்கள். பிரிட்ஜுக்கு அருகே ஒருமுறை, கழுத்துக்கு அருகே ஒருமுறை மீட்டிப் பாருங்கள். ஒரு மாதம் இப்படி வாசித்த பிறகும் திருப்தி இல்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள். குறைந்தபட்சம் கடைக்காரரிடம் என்ன குறை என்று சொல்லவாவது அப்போது தெரியும்.