ரிப்பன் குதிரைக்கா, கிரெடிட் கார்டுக்கா?

மாடல் குதிரைப் போட்டி என்றதும் சிரிப்பவர்களை முதலிலேயே வழியனுப்பிவிடுகிறேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர். வாடகைக்கு எடுத்த ஹாலில், சனிக்கிழமை காலையில், நீள மேசைகளைப் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் குதிரைகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு குதிரையின் காலிலும் நூலில் கட்டிய சின்னச் சீட்டு. நடுவர் குனிந்து, நிமிர்ந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ரிப்பன் வைக்கிறார். குதிரைக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் சிலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். "இந்த வயசுல பொம்மை விளையாட்டா?" என்று இவர்களைக் கேட்கும் அதே ஆள், வீட்டுக்கு அடியில் அறை முழுக்கத் தண்டவாளம் போட்டுக் குட்டி ரயில் ஓட்டும் ரிட்டயர்டு மனிதரைப் பார்த்தால் "என்ன ஒரு ஈடுபாடு!" என்பார். ஆம்பளை செய்தால் ஹாபி, பொம்பளை செய்தால் பொம்மை. அந்தச் சிரிப்புக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

என் சண்டை உள்ளே இருப்பவர்களோடு. ஒஹாயோவில் வேலை பார்த்த மூன்று வருஷத்தில், டெஸ்டிங் டீமில் இருந்த தோழி ஒருவர் என்னை இந்தப் போட்டிகளுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெட்டி தூக்கினேன், மேசை விரிப்பு விரித்தேன், அடுத்தவர் குதிரையைத் தொடக்கூடாது என்ற முதல் விதியைக் கற்றேன். (ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் நிற்பதும் சேர்ந்து சாயும். அந்தச் சத்தம் கேட்டால் ஹால் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.) அங்கே நான் பார்த்த அறிவுக்கும், அங்கே கொடுக்கப்படும் பரிசுக்கும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் வரலாறு. 1950இல் சிகாகோவில் பிரேயர் மோல்டிங் கம்பெனி என்ற பிளாஸ்டிக் வார்ப்பு நிறுவனத்திடம், மாஸ்டர்கிராஃப்டர்ஸ் என்ற கடிகாரக் கம்பெனி, கடிகாரத்தோடு சேர்த்து வைக்க ஒரு குதிரை செய்து தரச் சொன்னது. கூலிக்குப் பதிலாக அச்சையே பிரேயரிடம் விட்டுவிட்டுப் போனது. கடிகாரத்தை விட்டு இறங்கிய அந்தக் குதிரை வூல்வொர்த் கடைகளில் விற்றுத் தீர, பிளாஸ்டிக் கம்பெனி குதிரைக் கம்பெனி ஆகிவிட்டது. இன்றும் 'ட்ரெடிஷனல்' எனப்படும் பெரிய சைஸ் குதிரை, நிஜக் குதிரையின் ஒன்பதில் ஒரு பங்கு. அதை வாங்கியவர்கள் முதலில் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பிப் போட்டி போட்டார்கள், பிறகு நேரிலேயே கூடினார்கள். இப்போது இதற்கென்று வட அமெரிக்க அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்தால் ஒரு கார்டு கிடைக்கும். கார்டு இருந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். 'ஹால்ட்டர்' என்றொரு பிரிவு. குதிரை சும்மா நிற்கும். நிஜக் குதிரையாக இருந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி உடல்வாகு, கால் அமைப்பு, இன லட்சணம், நிறம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இதில் எனக்கு ஆச்சரியமான ஒன்று: கம்பெனி பெட்டியில் என்ன இனம் அச்சடித்திருந்தாலும் நீங்கள் அதை ஏற்கத் தேவையில்லை. "இது அரபிக் குதிரை இல்லை, இன்ன இனம்" என்று நீங்களே அறிவிக்கலாம். ஆனால் வாதம் வேண்டும். அந்த இனத்து நிஜக் குதிரைகளின் போட்டோ, நிறத்தைப் பற்றிய குறிப்பு எல்லாம் ஒரு அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் வைக்கலாம். கம்பெனிக்காரன் அழகுக்காகப் பெரிய வெள்ளைத் திட்டுகள் அடித்து விட்டிருப்பான். டோபியானோ என்ற அந்தத் திட்டு அமைப்பு தூய அரபிக் குதிரையில் கிடையாது, மரபணுவிலேயே இல்லை. அதை அரபி என்று நிறுத்தினால் விஷயம் தெரிந்த நடுவர் தாண்டிப் போய்விடுவார். அரைக்கலப்பு என்று நிறுத்தினால் நின்று பார்ப்பார். பிளாஸ்டிக் அதேதான், மாறியது நீங்கள் எழுதிய ஒரு வரி.

'பெர்ஃபார்மன்ஸ்' பிரிவு இன்னும் மேலே. குதிரைக்குச் சேணம், கடிவாளம், சவாரி செய்ய ஒரு பொம்மை, சுற்றிலும் காட்சி எல்லாம் ஒன்பதில் ஒரு பங்கு அளவில். கடிவாளத்தின் இரும்பு வாயில் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், சவாரிக்காரரின் பார்வை போகிற திசையில் இருக்க வேண்டும். என் தோழி ஒருமுறை பேரல் ரேஸ் காட்சி வைத்தார். மூன்று பீப்பாய்களைச் சுற்றி ஓடிவரும் பந்தயம் அது. வலது பீப்பாயில் ஆரம்பித்தால் ஒரு வலது திருப்பம், இரண்டு இடது திருப்பம். அவரிடம் இருந்த குதிரை இடது முன்னங்காலை முன்வைத்து ஓடும் அச்சு. அப்படி ஓடும் குதிரை இடது பக்கம்தான் ஒழுங்காகத் திரும்ப முடியும். ஆகவே அதை முதல் பீப்பாயில் நிறுத்தினால் தப்பு, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ நிறுத்த வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் பீப்பாயை நகர்த்திக்கொண்டே, "இல்லேன்னா இது புரொடக்‌ஷன்ல கிராஷ் ஆயிடும்" என்றார். டெஸ்டிங் ஆள் அல்லவா. அவருடைய சேணம் நேர்த்தியானது இல்லை. பொம்மை பழையது. ஆனால் அந்த மேசையில் குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

பிளாஸ்டிக்கை ஓட வைக்கும் இந்த அறிவுதான் இந்தப் போட்டியின் உயிர் என்பது என் கட்சி. ஆனால் நான் போன இடத்தில் எல்லாம் பெர்ஃபார்மன்ஸ் மேசையில் ஈ ஓட்டினார்கள், ஹால்ட்டர் மேசையில் இடம் கிடைக்கவில்லை. ஏன்? ஒரு பெர்ஃபார்மன்ஸ் காட்சிக்கு வாரக்கணக்கில் யோசிக்க வேண்டும். ஹால்ட்டரில் ஒரு அபூர்வமான குதிரையை நல்ல விலைக்கு வாங்கி, பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, காபி குடிக்கப் போகலாம். இன அட்டை வைப்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம். வைக்காதவர்களும் ரிப்பனோடுதான் திரும்பினார்கள்.

ரெசின் பிரிவில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒரு சிற்பி மாதக்கணக்கில் செதுக்கி, ரெசினில் குறைந்த எண்ணிக்கையில் வார்த்து, நிறமில்லாமல் விற்கிறார். வாங்கியவர் அதை ஒரு ஓவியருக்கு அனுப்புகிறார். அந்த ஓவியர் ஒவ்வொரு முடியாக வரைகிறார், சில சமயம் வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்துதான் அவர் கையில் வேலை கொடுக்கவே முடியும். ஆயிரக்கணக்கான டாலர் கை மாறுகிறது. கடைசியில் குதிரை மேசைக்கு வருகிறது. சாம்பியன்! ரிப்பன் யாருக்கு? செக் எழுதியவருக்கு. தேசியப் போட்டிக்கான கார்டும் குதிரையோடு சேர்ந்தே கை மாறும். "கார்டோடு விற்பனைக்கு" என்று விளம்பரமே வரும். அதாவது குதிரையை மட்டும் வாங்கவில்லை, தகுதியையும் சேர்த்து வாங்குகிறோம். இதைச் சொன்னால் உடனே, "நிஜக் குதிரைப் பந்தயத்திலும் கோப்பை முதலாளிக்குத்தானே?" என்று ஒரு பதில் வரும். நம்மூர் ஜல்லிக்கட்டிலும் பிடிபடாத மாட்டுக்கான பரிசு மாட்டுக்காரருக்குத்தான். அவர் விடிகாலை எழுந்து அதற்குத் தீனி போட்டவர், நீச்சல் பழக்கியவர். ரெசின் குதிரை என்ன தின்கிறது? தூசி தட்டினால் போதும்.

இன்னொரு பதில் கொஞ்சம் கனமானது. ஒரே அச்சில் வந்த நூறு குதிரைகளில் எது சுத்தமானது என்று கண்டுபிடிப்பதே ஒரு கலை என்கிறார்கள். ஒட்டுக்கோடு தெரிகிறதா, குளம்பு நிறம் கால் மேல் சிந்தியிருக்கிறதா, காதோரம் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா? ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல கண். கடையில் அலமாரி முழுக்க இறக்கி வைத்து அரை மணி நேரம் பார்த்து ஒன்றை எடுக்கும் பன்னிரண்டு வயசுப் பெண்ணிடமும் அந்தக் கண் உண்டு. ஆனால் அவள் எடுத்த குதிரை, கடைக்கே வராத குதிரைக்குப் பக்கத்தில் நிற்கும். சில போட்டிகளில் அபூர்வத்துக்கு என்றே தனியாக ரிப்பன். 1960களில் பிரேயர் வீட்டு அலங்காரத்துக்காக நீலக் குதிரையும் தங்கக் குதிரையும் விட்டது, அப்போது சீந்துவாரில்லை. யாரும் வாங்காததால் அபூர்வமாகி, இப்போது அவை சேகரிப்பாளர்களின் கனவு. உலகத்தில் எங்கும் இல்லாத நீலக் குதிரை, நிஜக் குதிரையைப் பற்றிய அறிவைச் சோதிக்கும் போட்டியில் ரிப்பன் வாங்குகிறது. எனக்கு அந்த நீலம் பிடிக்கும், அது வேறு விஷயம்.

கம்பெனிக்கு இதில் கொள்ளை லாபம். கென்டக்கியின் லெக்சிங்டனில், குதிரைப் பூங்காவில், 1990இலிருந்து கோடையில் பிரேயர்ஃபெஸ்ட் நடக்கிறது. அங்கே மட்டும் கிடைக்கும் குறைந்த எண்ணிக்கைக் குதிரைகள், அதை வாங்க டிக்கெட், டிக்கெட்டுக்கு ஒரு நேரம். உள்ளே என்ன நிறம் என்று தெரியாத மூடிய பெட்டிகள் வேறு. கேம் எழுதுகிறவர்கள் இதை லூட் பாக்ஸ் என்பார்கள், சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு. வாங்கிய கையோடு ஓட்டல் அறைக் கதவைத் திறந்து வைத்து மறுவிற்பனை செய்கிறார்கள். விழாவைக் குறை சொல்லவில்லை, அங்கே நிஜக் குதிரையும் உண்டு, செதுக்கக் கற்றுக்கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் கம்பெனி குறைவாக விட்ட குதிரைக்குப் போட்டி மேசையில் கூடுதல் மரியாதை கிடைக்கும்போது, கம்பெனியின் விற்பனைத் திட்டத்துக்கு நடுவர் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார். சீனத் தொழிற்சாலையில் அந்தக் குதிரைக்கு நிறம் தீட்டிய கையின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.

"எல்லாருக்கும் கை வராது, ஆர்த்ரைட்டிஸ் வந்த விரலால் சேணம் தைக்க முடியுமா?" என்று தோழியே என்னிடம் மடக்கினார். நியாயமான கேள்வி. அதோடு, பெர்ஃபார்மன்ஸிலும் காசு விளையாடாமல் இல்லை. நல்ல கைவேலைச் சேணம் ஒன்று குதிரையைவிடப் பல மடங்கு விலை. ஆனால் அந்த விலையுயர்ந்த சேணத்தைத் தப்பாகக் கட்டினால் தோற்பீர்கள், அதுதான் வித்தியாசம். நான் கேட்பதும் கைவேலை இல்லை. படிப்பது, பார்ப்பது, "இந்தக் குதிரை ஏன் இந்த இனம், ஏன் இந்த நிறம்" என்று பத்து வரி எழுதுவது. இதற்கு விரல் நடுங்கினாலும் பரவாயில்லை, டைப் அடித்து வரலாம், பேத்தியை எழுதச் சொல்லலாம்.

ஹால்ட்டரில் அந்த அட்டையைக் கட்டாயமாக்குங்கள், மார்க்கில் பாதியை அதற்குக் கொடுங்கள். அபூர்வத்துக்கான ரிப்பனை நிறுத்துங்கள், அதற்கான பரிசைச் சந்தை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. குதிரை கை மாறினால் கார்டு செல்லாது என்று ஒரு வரி சேருங்கள். சிற்பி, ஓவியர், உரிமையாளர் என்று சீட்டில் மூன்று பெயர் வரட்டும், ரிப்பனும் மூன்று வரட்டும். இதைக் கடைசியாகப் போன போட்டியில், ஏற்பாடு செய்த பெண்மணியிடமே சொன்னேன். சீட்டில் அவ்வளவு இடமில்லை என்றார். பெரிய சீட்டாக அச்சடிக்கலாமே என்றேன். "குதிரை மறைஞ்சிடும்" என்றார்.