நடுப்பகுதி வெந்ததா?

‘மைக்ரோவேவ் உலை வேகமானது; ஆகவே மேலானது.’ பீங்கான் நுரை பற்றிய ஒரு மாணவரின் அறிக்கையில் இந்த வரியைப் படித்ததும், நெகிரி செம்பிலானில் நான் வளர்ந்த தோட்டத்தின் புகைக்கூடம் நினைவுக்கு வந்தது. ரப்பர் தகடுகள் நாள்கணக்கில் தொங்கும். மேலே தேன் நிறம் வந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் வெள்ளை தெரியும். உள்ளே ஈரம்! அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் கொப்புளம்தான்.

பீங்கான் நுரையிலும் இதே சிக்கல். ஸ்பாஞ்சைப் பீங்கான் குழம்பில் தோய்த்து, உலர்த்திச் சுடுவார்கள். ஸ்பாஞ்சு எரிந்துபோகும், துகள்கள் உருகாமலே ஒட்டிக்கொள்ளும். உருகிய உலோகத்தை வடிகட்ட இது உதவுகிறது. சாதாரண உலையில் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். துளைகள் அதைத் தாமதப்படுத்தும். மைக்ரோவேவ் பொருளுக்குள்ளேயே வெப்பத்தை எழுப்பும். ராஞ்சியில் பிறந்த ரஸ்தம் ராயின் குழு, 1999-இல் உலோகத் தூளையே இப்படி இணைத்துக் காட்டியது.

ஆனால், குளிர்ந்த அலுமினா மைக்ரோவேவை அதிகம் உறிஞ்சாது. அருகில் சிலிக்கன் கார்பைடை வைத்து முதலில் சூடேற்ற வேண்டும். பிறகு, சூடான இடமே மேலும் சூடாகி விரிசல் விடலாம்.

மாணவர்களே, இரண்டு உலைத் துண்டுகளையும் நடுவே வெட்டிப் பார்த்தீர்களா? துளை அளவு, வலிமை இரண்டையும் அளந்தீர்களா? அந்த அறிக்கையில் நேரம் மட்டுமே இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.