தோற்ற படையின் நஞ்சு

ஒரு படை தோற்றுவிட்டால் அதன் ஆயுதங்களால் இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று நம்மில் பலர் நம்புகிறோம். சரணடைந்த நாளைப் போர் முடிந்த நாளாகப் பாடப்புத்தகம் சொல்கிறது. நாமும் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறோம். வேதி ஆயுதங்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கும் தவறு. காவல் நிற்க வேண்டிய படை குலைந்துபோகும் அந்தச் சில வாரங்கள்தான் நச்சுக் கிடங்குக்கு மிக மோசமான காலம்.

1945 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் புகுந்தன. அங்கிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை சில நாட்களிலேயே நிலைகுலைந்தது. பின்வாங்கிய வீரர்கள் நச்சுக் குண்டுகளையும் பீப்பாய்களையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஆறுகளிலும் கிணறுகளிலும் தள்ளினார்கள். ஆவணங்களை எரித்தார்கள். அவசரம் மட்டுமே இதற்குக் காரணமல்ல. போரில் நச்சு வாயுவைத் தடைசெய்த 1925 ஜெனீவா நெறிமுறையில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தது. அதை மீறிச் சீனாவில் அந்த வாயுவைப் பயன்படுத்தியும் இருந்தது. 1929இல் நச்சு வாயு ஆலை தொடங்கிய ஒகுனோஷிமா தீவையே வரைபடங்களிலிருந்து நீக்கிய அரசு அது. அப்படி மறைத்துச் செய்த பொருளைப் பற்றி அறிந்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் ஓடியதும் அந்த அறிவும் அவர்களோடு போய்விட்டது. நஞ்சு மட்டும் ஊர்க்காரர்களின் காலடியில் தங்கிவிட்டது.

நாளடைவில் நஞ்சு தானாக வீரியம் இழந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். இத்தகைய நஞ்சுகளில் ஒன்றான கடுகு வாயு பெயரளவில்தான் வாயு. உண்மையில் அது எண்ணெய் போன்ற திரவம். தண்ணீர் பட்டால் சிதையும் என்பது உண்மையே. ஆனால் மேற்பரப்பு பிசின்போல இறுகி, உள்ளிருக்கும் திரவத்தைப் பல பத்தாண்டுகள் காத்துவிடும். மூடிய பீப்பாய்க்குள் அந்தத் தண்ணீரும் போவதில்லை. கடுகு வாயு சுமார் 14 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும் என்பதால், குளிர்நாட்டுப் போருக்காக அதில் லூயிசைட்டைக் கலந்தார்கள். லூயிசைட் ஆர்சனிக் சேர்ந்த நஞ்சு. சேர்மம் உடைந்தாலும் ஆர்சனிக் அழியாது, அது ஒரு தனிமம். எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் மண்ணில் இருந்தபடியே இருக்கும்.

2003 ஆகஸ்ட் 4 அன்று சீனாவின் சிச்சிஹார் நகரில் கட்டட வேலைக்காக மண் தோண்டியபோது ஜப்பானியப் படை விட்டுச்சென்ற ஐந்து இரும்புப் பீப்பாய்கள் கிடைத்தன. உள்ளே கடுகு வாயு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. பீப்பாய்கள் பழைய இரும்புக்குப் போயின. நஞ்சில் நனைந்த மண் வேறிடங்களுக்குப் போனது. ஒருவர் இறந்தார், 43 பேர் காயமடைந்தார்கள். மண்ணில் விளையாடிய குழந்தைகளும் அவர்களில் உண்டு. போர் முடிந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு, தாங்கள் பிறந்த ஊரில் விளையாடியதைத் தவிர அந்தக் குழந்தைகள் என்ன செய்தார்கள்? ஜப்பான் அரசு 30 கோடி யென் கொடுத்தது. அதை நட்டஈடு என்று சொல்ல மட்டும் அதற்கு மனம் வரவில்லை.

வென்ற படை பொறுப்பேற்றுக்கொள்ளும் என்று நம்புவோருக்கு இராக்கைக் காட்டலாம். 1991 மார்ச்சில் கமீசியா ஆயுதக் கிடங்கை, அங்கே போரில் வென்ற அமெரிக்க வீரர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கிருந்த ராக்கெட்டுகளில் சரின் என்ற நஞ்சு இருந்தது அவர்களுக்குத் தெரியாது. பென்டகன் 1996இல்தான் அதை ஒப்புக்கொண்டது. சுமார் ஒரு லட்சம் வீரர்களைச் சிறிதளவாவது அந்த நஞ்சு எட்டியிருக்கலாம் என்று அடுத்த ஆண்டு சொன்னது. தன் வீரர்களையே காக்க முடியாத வெற்றி அது. அக்கம்பக்கத்து இராக்கியக் கிராமத்தாரை அது காத்திருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

ஆகவே சரணடைவுப் பேச்சில் துப்பாக்கிகளுக்கு முன்பே கேட்க வேண்டியது கிடங்குப் பதிவேடு. எதை எங்கே புதைத்தேன் என்று சொல்ல முன்வரும் வீரனுக்கு, அந்த வாக்குமூலத்துக்காகத் தண்டனை இல்லை என்ற உறுதியையும் அதே மேசையில் தர வேண்டும். குவாண்டுங் படையிடம் யாரும் அப்படிக் கேட்டுப் பெறவில்லை. வேதி ஆயுத ஒப்பந்தம் 1997இல் நடைமுறைக்கு வந்தபோது, சீனாவில் விட்டுச்சென்றவற்றை அழித்துமுடிக்க ஜப்பானுக்கு 2007 வரை கெடு இருந்தது. அது 2012 ஆனது, பிறகு 2016, பிறகு 2022, இப்போது 2027. ஜிலின் மாகாணத்து ஹார்பாலிங்கில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் புதைந்திருப்பதாக மதிப்பிட்டார்கள்.